கண்ணால் கற்ற கணக்கு

முதற் பருவத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலந்தோறும் நம் பொறியியல் கல்லூரி விடுதிகளில், "மற்றதெல்லாம் கிளியர், எம்-ஒன் மட்டும் அரியர்" என்று சொல்லிக்கொள்ளும் மாணாக்கர்களைக் காணலாம். அவர்கள் குரலில் வருத்தத்தைக் காட்டிலும் திகைப்பே மேலோங்கி நிற்கும். அந்தத் திகைப்பில் நியாயமும் உண்டு. பொறியியல் சேர்க்கைக்குரிய 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் சரிபாதி கணிதத்துக்கே உரியதாகையால், அந்த வகுப்பில் வந்து அமர்வோரில் பலர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளை, ஒரு வருஷம் கழிவதற்குள் அதே பாடத்தில் தேறாமற்போனால், தன் மூளையைத் தவிர வேறெதைச் சந்தேகிக்கும்? பெற்றோரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். சில சமயங்களில் ஆசிரியரும் அவ்வாறே சொல்லிவிடுகிறார். கணக்கு என்பது சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்னும் தீர்ப்பு, நம் சமூகத்தில் சாட்சி கேளாமலே எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் தீர்ப்புகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரிக் கணிதத்தில் தோற்பவர்களில் மிகப் பலர் புத்திக் குறைவினால் தோற்பதில்லை. கண்ணால் பார்த்ததைக் கையால் செய்ததாக எண்ணிக்கொள்ளும் ஒரு பழக்கத்தினாலேயே தோற்கிறார்கள் என்பது, கணித மாணாக்கர்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் என் உறுதியான அபிப்பிராயம். பழக்கமென்றால் அது மாற்றக்கூடியது. மாற்றக்கூடிய ஒன்றை விதியென்று சொல்லிப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மனம் ஒடியச் செய்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை எண்ணியே இதை எழுதத் துணிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பழக்கத்தின் தீமை வெளியே தெரிவதில்லை. ஒரே புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகள் வருஷம் முழுவதும் முதலில் கரும்பலகையிலும், பிறகு வீட்டுப் பாடமாகவும், அதன் பின் யூனிட் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட் என்ற பெயர்களில் மீண்டும் மீண்டும் வருவதால், மாணாக்கர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர் கை அந்தக் கணக்குகளில் தேர்ந்துவிடுகிறது. அந்த அப்பியாசத்தைத் திட்டமிட்டுச் செய்வித்தது பள்ளிக்கூடமேயன்றி அவரல்லர். ஆனால் அதை அவர் அறியமாட்டார். கல்லூரியில் அந்த ஏற்பாடு திடீரென்று நின்றுபோகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதற் பருவத்துக்கு வைத்திருந்த 'அணிகளும் நுண்கணிதமும்' என்னும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகளின் சார்புகள், தொகை நுண்கணிதம், மடங்குத் தொகையீடுகள் என ஐந்து அலகுகள். ஓர் அலகுக்குப் பத்துப் பன்னிரண்டு வகுப்புகள். ஆசிரியர் ஒருவகைக் கணக்கை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போட்டுக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போயாக வேண்டும். அதைத் திரும்பச் செய்விக்க ஒருவரும் இல்லை. மாணாக்கர் நோட்டில் எழுதிக்கொண்ட விடைகளை ஸ்டடி ஹாலிடேஸ் வரையில் தூங்க விட்டு, பிறகு கொஸ்டின் பேங்க்கையும் தீர்த்த வினாத்தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாக வாசிக்கிறார். ஒவ்வொரு வரியும் முந்திய வரியிலிருந்து ஒழுங்காகப் பிறப்பதைக் கண்டு, "இது தெரியும்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். அவர் ஏமாற்றவில்லை, உண்மையாகவே புரிந்துதான் இருக்கிறது.

ஆனால் பிறர் எழுதியதைத் தொடர்வது ஒரு சக்தி. எழுதப்படாத இடத்தில் அடுத்த வரியைத் தானே உண்டாக்குவது வேறொரு சக்தி. மார்கழி விடியலில் பக்கத்து வீட்டு அம்மாள் சிக்குக் கோலம் இடுவதைப் பார்த்து நிற்பவர்க்குக் கோடு எங்கே வளைகிறது, எந்தப் புள்ளியைச் சுற்றி வருகிறது என்பதெல்லாம் தெளிவாகவே தெரியும். மாவை வாங்கிக்கொண்டு தம் வாசலில் தாமே குனிந்தால், நான்காவது புள்ளியில் கை நின்றுவிடும். பரீட்சை மண்டபத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் நேர்வதும் அதுவே.

இது வெறும் அனுபவ வார்த்தையன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிகி என்னும் இரு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று பிரசித்தமானது. ஒரு கட்டுரைப் பகுதியைச் சில மாணாக்கர்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்தபின் மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்தே எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னணியில் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, எழுதிப் பார்த்தவர்களுக்கு நினைவிருந்த அளவு வாசித்தவர்களுக்கு இல்லை. இதைவிட முக்கியமான செய்தி, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்த கூட்டத்தாரே என்பது. தேர்வுக்கு முந்திய இரவில் "எல்லாம் பார்த்துவிட்டேன்" என்று நிம்மதியாகத் தூங்கப்போகும் பிள்ளையின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, மறுநாட் காலையில் எங்கே போய்விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே கல்லூரிக் கணிதத்துக்கு வேண்டிய பழக்கங்களுள் முதன்மையானது எது என்று கேட்டால், விடையை மூடிவைத்துவிட்டு வெறுந்தாளோடு உட்காருவது என்பேன். இதை மூடத்தனமான பிடிவாதமாக எண்ணிவிடலாகாது. ஒரு புதிய பகுதியைத் தொடங்கும்போது தீர்த்துக் காட்டிய கணக்குகள் இரண்டொன்றை நிதானமாக, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டுக்கொண்டு வாசிப்பது அவசியமே. ஒன்றும் அறியாதவரை வெறுந்தாளோடு தனியே விடுவது கொடுமையாகும். ஆனால் வாசித்தபின் புத்தகத்தை மூட வேண்டும். அதே கணக்கை முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். கை எந்த வரியில் நிற்கிறதோ அங்கே ஓர் அடையாளம் இட வேண்டும். நமக்குத் தெரியாதது அந்தக் கணக்கு முழுவதுமன்று, அந்த ஒரு வரிதான் என்பது அப்போது பிரத்தியட்சமாகும். பிறகு புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவிட வேண்டும். மறுநாள் எண்களை மாற்றி இன்னொரு கணக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதிலுள்ள சோதனை பெரிது. வினாவைக் கைப்பேசியில் படம் பிடித்த மாத்திரத்தில் விடையை வரிவரியாக எழுதித் தரும் செயலிகள் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை விலக்கிவிடச் சொல்லமாட்டேன். அரைமணி நேரம் தாமாக முயன்று, தவறாகவேனும் நாலு வரி எழுதிவிட்டு, அதன்பின் திறந்து பார்க்கட்டும். அப்படிப் பார்ப்பவருக்கு அந்த விடை தம் சந்தேகத்துக்குக் கிடைத்த பதிலாக இருக்கும். ஒன்றும் எழுதாமற் பார்ப்பவருக்கோ அது கேளாத கேள்விக்குக் கிடைத்த பதில். கேளாத கேள்வியின் பதில் எவர் மனத்திலும் தங்குவதில்லை.

கணக்குகளுக்கு மட்டுமன்றித் தேற்றங்களுக்கும் இதுவே முறை. பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் மாணாக்கர் பலர் நிரூபணங்களைச் செய்யுளைப்போல் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கண்டு மனம் நொந்ததுண்டு. ரோலின் தேற்றத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு சார்பு ஒரு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியுடையதாய், அதன் உட்புறத்தில் எங்கும் வகையிடத்தக்கதாய், இரு முனைகளிலும் ஒரே மதிப்புடையதாய் இருக்குமானால், உள்ளே ஏதேனும் ஓரிடத்தில் அதன் வகைக்கெழு பூச்சியமாகும் என்பது அந்தத் தேற்றம். இதை ஒப்பிக்கத் தெரிந்தவரிடம், "மூன்று நிபந்தனைகள் எதற்கு? ஒன்றைக் குறைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டால் விழிக்கிறார். தாளை எடுத்து மூன்று படம் வரைந்தால் போதும். மைனஸ் ஒன்று முதல் ஒன்று வரையில் எக்ஸின் மட்டு மதிப்பை வரையுங்கள். ஒரு நேர்க்கோடு சரிந்து இறங்கி, பூச்சியத்தில் கூர்முனையாக நின்று, மற்றொரு நேர்க்கோடாக மேலேறுகிறது. தொடர்ச்சி இருக்கிறது, இரு முனைகளிலும் மதிப்பு ஒன்றே, ஆயினும் இடப்பக்கத்துச் சாய்வு எங்கும் மைனஸ் ஒன்று, வலப்பக்கத்துச் சாய்வு எங்கும் ஒன்று. பூச்சியமாவதற்கு இடமிருந்த ஒரே புள்ளியில் வகைக்கெழுவே இல்லை. இரண்டாவது நிபந்தனையை எடுத்ததும் தேற்றம் விழுந்துவிட்டது. இனி, பூச்சியத்திலிருந்து புறப்பட்டு ஒன்று வரையில் நேராக ஏறிக்கொண்டே போய், ஒன்றில் மட்டும் சட்டென்று பூச்சியத்துக்குக் குதித்துவிடும் சார்பொன்றை வரையுங்கள். முனைகள் சமம், உள்ளே எங்கும் வகையிடலாம், சாய்வோ எங்கும் ஒன்று. தொடர்ச்சி ஓரிடத்தில் அறுந்ததே காரணம். மூன்றாவது படம், குதிக்காமல் ஏறிக்கொண்டே போகும் அதே நேர்க்கோடு. அதில் முனைகள் சமமாக இல்லை.

இம்மூன்று படங்களையும் தம் கையாலேயே வரைந்தவர்க்கு நிரூபணம் தானாகவே பொருள்படத் தொடங்கும். தொடர்ச்சி இருப்பதனால் சார்பு தன் உச்ச மதிப்பையும் நீச மதிப்பையும் எங்கேனும் அடைந்தே தீரும். முனைகள் சமமாக இருப்பதனால், சார்பு மாறிலியாக இருந்தாலன்றி, அவ்விரண்டில் ஒன்றாவது உட்புறத்தில் நேர வேண்டும். அங்கே வகையிடத்தக்கதாய் இருப்பதனால் வகைக்கெழு பூச்சியமாக வேண்டும். மாறிலியாயின் வகைக்கெழு எங்கும் பூச்சியமே, சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு நிபந்தனை. இப்படி அறிந்ததை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மறந்தாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு தேற்றத்துக்கு ஒரு மாலைப்பொழுது செலவாகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள், அதே தேற்றத்தை உருப்போட எத்தனை மாலைகளைச் செலவிட்டோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

கும்பகோணத்தில் ராமானுஜன் பள்ளி மாணவராக இருந்தபோது, 1903-ஆம் ஆண்டளவில், ஜி. எஸ். கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்த வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கார் என்பவர் கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணாக்கர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அவர் புத்தகம் சுமார் 5,000 தேற்றங்களையும் சூத்திரங்களையும் அடுக்கடுக்காகக் கொண்டது. பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது, இருந்தாலும் ஒரு சாடை மட்டுமே. அந்தக் குறையே அந்தச் சிறுவருக்குப் பாக்கியமாயிற்று. ஒவ்வொரு சூத்திரத்தையும் அவர் தாமே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது. காகிதம் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அவருக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து அருளியதைச் சொல்லும் நாம், அந்தச் சிலேட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறோம். ராமானுஜனின் மேதை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் விடை எழுதப்படாத இடத்தில் தாமே விடையை எழுதிப் பார்க்கும் அவருடைய பழக்கம் யாருக்கும் மறுக்கப்பட்டதன்று.

இனி மற்றொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இது பலரும் கவனியாதது. கொஸ்டின் பேங்க்குகளும் கைடுகளும் கணக்குகளை யூனிட் வாரியாக, வகை வாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பகுதித் தொகையிடல் என்று தலைப்பிட்டு அதன் கீழ் இருபது கணக்கு. முதற் கணக்கைப் போட்டவர் அதே யுக்தியை மற்றப் பத்தொன்பதுக்கும் பிரயோகிக்கிறார். எந்த யுக்தியைப் பிரயோகிப்பது என்று ஒருமுறைகூட யோசிப்பதில்லை, ஏனெனில் தலைப்பே சொல்லிவிட்டது. தேர்வுத் தாளில் தலைப்பு இராது. எக்ஸை, ஈ-யின் அடுக்கு எக்ஸால் பெருக்கி வரும் சார்பைத் தொகையிடச் சொன்னால் பகுதித் தொகையிடல் முறை பலிக்கும். அடுக்கில் எக்ஸுக்குப் பதிலாக எக்ஸின் வர்க்கம் வந்துவிட்டாலோ, பிரதியிடல் இரண்டு வரியில் முடித்துவிடும். பகுதித் தொகையிடலைப் பிடித்துக்கொண்டவர் பக்கம் பக்கமாக எழுதித் தவிப்பார். முன்னால் நின்ற எக்ஸையும் நீக்கிவிட்டால், நாம் அறிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு அதன் விடையை எழுதவே முடியாது. பார்வைக்கு உடன்பிறந்தவைபோல் தோன்றும் இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியும் கண்தான் கணிதத்தில் பாதி. அந்தக் கண், மூன்றையும் ஒரே தாளில் கலந்து போட்டாலன்றி வளராது.

தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சான்று. நான்கு விதத் திண்மங்களின் கனஅளவைக் காணும் கணக்குகளைச் சிலர் வகை வகையாகப் போட்டுப் பழகினார்கள்; சிலர் கலந்து போட்டுப் பழகினார்கள். பழகும்போது வகை வகையாகப் போட்டவர்களே 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள்; கலந்து போட்டவர்களுக்கு 60 சதவீதந்தான் சரியாயிற்று. ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முன்னவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள்; பின்னவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். பழகும் நேரத்தில் சுலபமாக வருவதே நன்றாக வருவதன் அடையாளம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதை இந்த எண்கள் அசைத்துவிடுகின்றன. பழைய வினாத்தாள்களிலுள்ள கணக்குகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, யூனிட் எண்ணைக் குறிக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, கைக்கு வந்ததை எடுத்துப் போடும் மாணாக்கர் செலவில்லாமல் தமக்குத் தாமே ஒரு நல்ல ஆசிரியராகிறார். அவருக்கு அந்த வாரம் நிறையத் தவறு வரும். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

விடை வந்தவுடன் கோடு போட்டு மூடிவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். ஜார்ஜ் பொல்யா என்னும் கணித ஆசிரியர் 1945-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், ஒரு கணக்கைத் தீர்ப்பதில் நான்கு படிகளை வகுத்து, கடைசிப் படியாகத் திரும்பிப் பார்த்தலை வைத்தார்; நான்கிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுவே. மூன்று வரிசை அணி ஒன்றின் ஐகன் மதிப்புகளைக் கண்டாயிற்றா? அம்மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அது அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும். மூன்றையும் பெருக்குங்கள், அது அணிக்கோவையின் மதிப்பாக இருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. இதைச் செய்யாமல், முதற் படியில் ஒரு குறியைத் தவறவிட்ட மாணாக்கர், அந்தத் தவற்றின் மேல் ஐகன் திசையன்களையெல்லாம் கட்டி எழுப்பி, பதினாறு மதிப்பெண்ணில் பெரும்பகுதியை இழப்பதைக் காணும்போது பரிதாபமாயிருக்கும். நடந்த தவறுகளை ஒரு தனி நோட்டில் எழுதிவைப்பதும் நல்லது. எழுதிவைப்பவர் சில வாரங்களில் கண்டுகொள்வார்: தம் தவறுகளில் பாதி நுண்கணிதத்தைச் சேர்ந்தவையல்ல, கூட்டலின் வர்க்கமூலத்தை இரு வர்க்கமூலங்களாகப் பிரித்துவிடுவது, அடைப்புக்குறியை நீக்கும்போது மைனஸை மறப்பது என்று பத்தாம் வகுப்பிலிருந்தே உடன் வருபவை.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறதியை முறையாக அளந்து ஜெர்மானிய உளவியலார் ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலேயே, ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பல நாளில் பிரித்துப் படிப்பது நிலைக்கும் என்பது தெரிந்துவிட்டது. வகுப்பு நடந்த அன்றே மாலையில் ஒரு மணி நேரம், சில நாள் கழித்து அரைமணி நேரம் என்று உட்காருபவருக்கு ஸ்டடி ஹாலிடேஸில் பதற்றம் இராது.

தனியே முயல வேண்டும் என்று இத்தனை வற்புறுத்திய நான், தனிமையிலேயே இருந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்பவர் 1970-களில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வந்த கறுப்பின மாணாக்கர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் இவ்வளவு பேர் தோற்பது ஏன்? ஆசிரியர்களைக் கேட்டார், ஊக்கமில்லை, அடிப்படை போதாது, குடும்பத்தில் ஆதரவில்லை, வறுமை என்று நாமும் நம் கல்லூரி அறைகளில் கேட்கும் அதே காரணங்களைச் சொன்னார்கள். அவற்றை நம்பிவிடாமல், அந்த மாணாக்கர்களும் நுண்கணிதத்தில் சிறந்து விளங்கிய சீன வமிசத்து மாணாக்கர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணாக்கர்கள் சோம்பேறிகளல்லர். ஒழுங்காக, விதித்த நேரம் தவறாமல் படித்தார்கள். ஆனால் தனித்தனியே படித்தார்கள். பாடத்தில் இடறியபோது, இந்த இடறல் தமக்கு மட்டுமா எல்லார்க்குமா என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. சீன மாணாக்கர்களோ முதலில் தனியே பல மணி நேரம் முயன்றுவிட்டு, மாலையில் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் சோதித்து, எல்லாரும் தோற்ற கணக்கு எது என்பதைக் கண்டு, அதைச் சேர்ந்து தாக்கினார்கள். இதை அறிந்ததும் ட்ரீஸ்மன், பலவீனர்க்கு எளிய பாடம் என்று இரக்கப்பட்டுக் கொடுக்காமல், கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிச் செய்யும் பயிலரங்குகளை ஏற்படுத்தினார். அவற்றில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

இதை நம் நாட்டுக்கு எத்தனை பொருத்தமான பாடமாக நான் கருதுகிறேன்! அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-இல் வந்தபின், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் பலர் பொறியியல் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் வேகமாகச் செல்லும் விரிவுரையின் நடுவே, கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ என்று அஞ்சி, வாய் மூடி, தனியே விடுதி அறையில் போராடும் அந்தப் பிள்ளைக்கு, தேற்றத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லி விவாதிக்க மூன்று தோழர்கள் கிடைப்பது எவ்வளவு பெரிய பலம்! கூடிப் படிப்பதென்றால் ஒருவர் அசைன்மென்டை மூவர் பார்த்து எழுதுவதென்று ஆகிவிட்டது. அதை நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் முயன்று தோற்ற தாளோடு வந்து, "இந்த வரியில் நின்றேன், நீ எப்படித் தாண்டினாய்?" என்று கேட்பதைச் சொல்கிறேன். சென்னை லயோலா கல்லூரியில் ஃபாதர் ரசீனிடம் கணிதம் பயின்ற சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும், 1953-இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ந்து, 1965-இல் உலகக் கணித வல்லுநர் எல்லாரும் அறிந்த தேற்றத்தைத் தம் இருவர் பெயரும் இணைந்து நிற்கும்படி வெளியிட்டார்கள். உயர்ந்த கணிதமும் இருவர் பேச்சில் வளரக்கூடியது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு மாணாக்கர் என்னிடம், "ஐயா, வினாத்தாளில் வருவது சென்ற வருஷம் வந்த கணக்குகளே, இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ் பத்தை உருப்போட்டால் கிளியர் செய்துவிடலாம், எதற்கு இத்தனை பிரயாசை?" என்று கேட்கக்கூடும். அவர் கூறுவதில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்லும் கணக்கு ஒரே அச்சில் எண்கள் மட்டும் மாறி ஆண்டுதோறும் வருமானால், அதை உருப்போட்டவர் மதிப்பெண் பெறுவார்; ஐகன் மதிப்பு என்றால் என்னவென்று அறிந்தவர் அதைவிட அதிகம் பெறப்போவதில்லை. ஆனால் மூன்றாம் பருவத்தில் ஃபூரியே தொடர் வரும். அதன்பின் சிக்னல்ஸ் வரும், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வரும். இப்போது எல்லாரும் விரும்பிச் சேரும் மெஷின் லேர்னிங் பாடத்தின் அஸ்திவாரமே அணிகளும் பகுதி வகைக்கெழுக்களும்தான். முதற் பருவத்தில் உருப்போட்டுத் தப்பியவரை அவை அங்கங்கே நிறுத்திக் கேள்வி கேட்கும்.

குற்றம் மாணாக்கரை மட்டும் சார்ந்ததன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனப்பாடத்துக்கே பரிசளிக்கும் வினாத்தாளை வைத்துக்கொண்டு, சிந்திக்கவில்லையே என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது முறையாகாது. ஒவ்வொரு பல்கலைக்கழகக் கணித வினாத்தாளிலும் முன் எங்கும் வாராத ஒரு வினாவாவது, எளியதே ஆயினும், கட்டாயமாக இடம்பெற வேண்டும். இன்டர்னல் தேர்வின் விடைத்தாளை மதிப்பெண் இட்டுத் தருவதோடு நில்லாமல், தவறிய வரியைச் சுட்டி, அதே கணக்கைத் திருத்தி எழுதி மறுபடி கொடுக்கச் செய்ய வேண்டும். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமனும் அவர் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேரும், மாணாக்கர் தாமே ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளில் சுமார் 22 சதவீதம் பேரும் தோற்றதாகக் கண்டார்கள். நூறு பேருள்ள வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் என்று அதை வாசித்துப் பாருங்கள்.

இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. நான் மேலே குறிப்பிட்ட அண்ணா பல்கலைக்கழகப் பாடத்துக்கு வாரம் மூன்று மணி நேரம் விரிவுரைக்கும், ஒரு மணி நேரம் டுடோரியலுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. சிலபஸ் முடியவில்லை என்ற காரணத்தால் இத்தகைய நான்காவது மணி நேரமும் பல இடங்களில் விரிவுரைக்கே போய்விடுகிறது. அதை மீட்டுக்கொடுங்கள் என்று கணிதத் துறைத் தலைவர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் கரும்பலகையில் ஒன்றும் எழுத வேண்டாம். மாணாக்கர்களை நால்வர் நால்வராக உட்காரவைத்து, அந்த வாரத்துக் கணக்குகளோடு சென்ற மாதத்துக் கணக்கு ஒன்றையும் கலந்து ஆறு கணக்குகள் கொடுத்து, பெஞ்சுகளின் இடையே நடந்து, யார் கை எந்த வரியில் நிற்கிறது என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொண்டு வரட்டும்.